பிளஸ் ஒன் படிக்கும்போதே கடை வேலைக்குப் போகலாமா? மூன்று இடம் இருக்கிறது, எதற்குப் போவது?

கேட்டவர்: வைகைக்கரை

வணக்கம். எனக்கு 16 வயது, ஊர் தேனி பக்கம். பத்தாம் வகுப்பு எழுதி முடித்துவிட்டேன், ஜூனில் பிளஸ் ஒன் காமர்ஸ் சேரப் போகிறேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வேலைக்குப் போ என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைக்கிறேன். கணக்கில் நல்ல மார்க் வாங்குவேன். ஆனால் போன மாதம் அம்மா பேங்குக்கு அனுப்பியபோது செலான் நிரப்பத் தெரியாமல் அரை மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கவுன்டரில் இருந்தவரிடம் கேட்க வாய் வரவில்லை. அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விசாரித்ததில் மூன்று இடம் கிடைத்தது. நண்பனின் அண்ணன் கேட்டரிங்குக்குக் கூப்பிடுகிறார்: பந்தி பரிமாற ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய், முதல் நாள் இரவே மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாலை 5 முதல் 8 வரை ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், மாதம் 2,500. மூன்றாவது என் மாமாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப். சம்பளம் கிடையாது, தொழில் கற்றுக்கொள்ளலாம்.

கையில் காசு பார்த்தவன் அப்புறம் புத்தகத்தைத் தொட மாட்டான் என்று அம்மா பயப்படுகிறார். படிக்கும்போதே வேலைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏ4 அக்கா

தம்பி, நான் 2009இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். பிளஸ் டூ அரைப்பரீட்சை வரைக்கும் இருந்தேன். இப்போது மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். உன் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று செய்திருந்தேன், அதையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு தீபாவளி சீசனுக்கு ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனோம். காலை 9 மணிக்குப் போனால் இரவு 10 மணிக்குத்தான் விடுவார்கள். உட்காரவே கூடாது. சேலையை மடிக்கிற வேலை, மடித்ததைப் பிரித்துக் காட்டுகிற வேலை, திரும்ப மடிக்கிற வேலை. 12 நாள் முடிந்து சம்பளம் வாங்கப் போனால் ஒரு சேலை கணக்கில் வரவில்லை என்று நாலு பேரிடமும் பிடித்துக்கொண்டார்கள். கேட்கத் தெரியவில்லை, அழுதுகொண்டே வந்துவிட்டோம். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குப் பழைய கால்வலி ஞாபகம் வந்தது. அந்த 12 நாளில் மடிப்பதைத் தவிர நான் வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜெராக்ஸ் கடை அப்படியில்லை. அண்ணாச்சி முதல் வாரம் மெஷினைத் தொட விடவில்லை. பேப்பர் பண்டிலைப் பிரித்து, விசிறி மாதிரி விரித்து, தட்டி வைக்கச் சொன்னார். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும். அப்புறம் முன்பக்கம் பின்பக்கம் எடுப்பது, ஸ்பைரல் போடுவது, லேமினேஷன் சூடு பார்ப்பது. மூன்றாம் மாதம் டைப்பிங்கில் உட்கார வைத்தார். பாமினி எழுத்துருவில்தான் மனு அடிப்போம். அதையே அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் உடைந்து குப்பையாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் பதறிப் போவார்கள். பொறுமையாக விளக்கி, வேறு எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுப்போம்.

ஒருநாள் ஒரு தாத்தா பட்டா மாறுதலுக்கு மனு அடிக்க வந்தார். சர்வே எண் 214 என்று சொன்னார், நான் 241 என்று அடித்துவிட்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்த மனுவை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். என்னைத் திட்டவில்லை. "இதில் என்னமோ தப்பாம் பாப்பா, பார்த்துச் சொல்லு" என்றார். நான்தான் தப்பு செய்தேன் என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. சொன்னேன். புதிதாக அடித்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டி, காசு வாங்காமல் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தத் தாளையும் வாசித்துக் காட்டாமல் நான் கொடுத்ததில்லை.

நீ காமர்ஸ் சேர்கிறாய், அதனால் இதையும் கேட்டுக்கொள். கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு, அதாவது பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கிற பட்டியல், போடும்போது இரண்டு பக்கமும் ஒத்து வராமல், வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வகுப்பில் டீச்சர் அதைச் சொன்னதும் நான் நோட்டில் 241இலிருந்து 214ஐக் கழித்துப் பார்த்தேன். 27. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடத்தில் எத்தனையோ மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

நீ பேங்கில் வாய் திறக்க முடியாமல் நின்றதாக எழுதியிருக்கிறாய். ஜெராக்ஸ் கடையில் ஒரு மாதம் நின்று பார். தாலுகா ஆபீஸுக்கு வருகிற பாதிப் பேர் உன்னைவிடப் பயந்துபோய்த்தான் வருவார்கள். எந்த ஃபாரம், எங்கே கையெழுத்து, எந்த கவுன்டர் என்று உன்னிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்காகப் போய் விசாரிக்கும்போது உன் கூச்சம் தானாக விலகும். எனக்கு அப்படித்தான் ஆனது. என் ஓட்டு ஜெராக்ஸ் கடைக்குத்தான், ஆனால் 8 மணி வரை வேண்டாம்.

பதில்: தொழிற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

அந்த 8 மணி பற்றி நானும் சொல்ல வந்தேன். 14 வயது முடிந்து 18 ஆகாதவர்களை 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தியபின், வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரிக்கிறது. இவர்கள் வேலை செய்யலாம். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், அபாயகரமான தொழில்முறைகள் ஆகியவற்றில் மட்டும் சேர்க்கவே கூடாது. மற்ற இடங்களிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன்பின் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான். வாரம் ஒரு நாள் விடுமுறை. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது.

இப்போது உங்கள் மூன்று இடங்களையும் இதில் வைத்துப் பாருங்கள். இரவே மண்டபத்துக்குப் போய், விடியற்காலை டிபனுக்கு இலை போடுகிற வேலை நேராக அந்தத் தடைக்குள் வருகிறது. என் மாணவர்கள் பலர் முகூர்த்த நாளுக்கு மறுநாள் முதல் பீரியடிலேயே தலை கவிழ்ந்து தூங்குவார்கள். எழுப்ப மனம் வராது. 500 ரூபாய் பெரிதாகத் தெரியும், அந்த வாரத்துப் பாடம் போய்விடும்.

இன்னொன்று, கடைக்காரர் நல்லவராக இருந்தாலும் "வண்டியை எடுத்துட்டுப் போய் பேப்பர் வாங்கிட்டு வா" என்பார். போகாதீர்கள். கியர் வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் சந்திக்க நேரும். சைக்கிளில் போகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

யாராவது அடித்தாலோ, சம்பளத்தைப் பிடித்து மிரட்டினாலோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யலாம். அது 18 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்குமானது. அந்த ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது.

பதில்: ஸ்பேனர் செட்

நான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், 22 வருஷத் தொழில். மாமா கடையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். சனிக்கிழமை காலையில் மட்டும் போ. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரி படிந்திருக்கிறதா எண்ணெய் படிந்திருக்கிறதா என்று சொல்லப் பழகினாலே இஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். செயின் தளர்வு, பிரேக் ஷூ, இதெல்லாம் அப்பாவின் லோடு ஆட்டோவைப் பார்க்கிற கண்ணையும் கொடுக்கும்.

சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது, சொந்த மாமாவாக இருந்தாலும். என்னிடம் வருகிற பையனுக்கு முதல் நாளே ஏதாவது கொடுத்துவிடுவேன். காசு கொடுத்தால்தான் எனக்கும் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றும். மாமாவிடம் நீ கேட்கக் கூச்சப்பட்டால் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல். பெட்ரோல் டேங்க், வெல்டிங் பக்கம் மட்டும் போகாதே.

கேட்டவர்: வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா மனு வந்த இடத்தில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டரிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஜெராக்ஸ் கடைக்குத் தனியாகப் போய்க் கேட்டேன். 5 முதல் 7 வரை என்றால் 1,800 தருகிறேன், பரீட்சை மாதம் வர வேண்டாம் என்றார் கடைக்காரர். சரி என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அக்கா, சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிடட்டுமா, நானே வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: ஏ4 அக்கா

தனியாகப் போய்ப் பேசினாயே, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தம்பி! உன் பெயரிலேயே கணக்கு ஆரம்பி. 10 வயது தாண்டியவர்கள் தாங்களே கணக்கை இயக்கலாம், எவ்வளவு வரை எடுக்கலாம் என்று மட்டும் பேங்க் வரம்பு வைத்திருக்கும். அம்மாவுக்கு மாதம் ஒரு தொகை கொடு, மீதியைக் கணக்கில் போடு. முதல் சம்பளம் வந்ததும் அதே பேங்குக்குப் போ, அதே செலானை எடுத்து நீயே நிரப்பு. சந்தேகம் வந்தால் கவுன்டரில் இருப்பவரிடம் கேள். நிரப்பி முடித்ததும் கணக்கு எண்ணை ஒரு தடவை மெதுவாக வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடு.