புதுப்பிப்பு: சிசிஎன்பி-யைத் தாண்டி நேராக சிசிஐஇ போகலாமா?

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்களில் தொடக்கமான சிசிஎன்ஏ முடித்த கையோடு, நடுவில் உள்ள சிசிஎன்பி எழுதாமல் உச்சியில் உள்ள சிசிஐஇ-க்குப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிசிஐஇ-யின் செய்முறைத் தேர்வான லேப் முடிந்துவிட்டது, இரண்டாவது முயற்சியில் பாஸ்.

விதிப்படி தாண்டலாம். சிசிஐஇ-க்கு எந்தச் சான்றிதழும் முன்நிபந்தனை இல்லை. என்டர்பிரைஸ் பிரிவில் 350-401 என்கோர் என்ற மையத் தேர்வில் பாஸ் செய்தால் லேப் எழுதலாம். அதே என்கோர்தான் சிசிஎன்பி-யின் பாதி. கூட ஒரு தேர்வு எழுதினால் சிசிஎன்பி கைக்கு வந்துவிடும். ஆக, தாண்டி மிச்சமாவது ஒரே ஒரு தேர்வு.

"அந்த ஒன்றை 300-410 எனார்சியாக எழுதிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் (அது ரூட்டிங் பற்றிய தேர்வு) பலித்தது. ரவுட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளான ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி இரண்டுக்கும் நடுவே இரண்டு ரவுட்டர்களில் ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒன்றின் ரூட்டுகளை மற்றதில் விடுவது) போட்டுப் பழகும்போது ட்ராஃபிக் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு ரூட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண் ஏடி, குறைவானதே வெல்லும். வெளியிலிருந்து ஈஐஜிஆர்பி-க்குள் வந்த ரூட்டுக்கு அது 170, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. அதனால் ஒரு ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்-இல் விட்ட ரூட்டையே மற்றது நல்லது என்று எடுத்துக்கொண்டது. ரூட்டுக்கு அடையாள எண் (ரூட் டேக்) போட்டு, அது திரும்பி வராமல் தடுத்ததும் அடங்கியது. எனார்சிக்குப் படிக்காமல் இருந்திருந்தால் நாள் முழுக்க முழித்திருப்பேன்.

எதிர்பாராதது: முதல் முறை என்னைக் கவிழ்த்தது கான்ஃபிகரேஷன் இல்லை. லேபின் 8 மணி நேரத்தில் முதல் 3 மணி நேரம் டிசைன் பகுதி. கமாண்ட் அடிக்கவே இடமில்லை, கேள்வியைத் தாண்டினால் திரும்பவும் முடியாது. அப்புறம், என்கோர் பாஸான 3 வருடத்துக்குள் லேப் எழுதிவிட வேண்டும்.