எல்இடி டிவியில் படம் வரவில்லை, எந்த கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும்? (அவசரம்)

மழைத்துளி:
வணக்கம். நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய டிவி. காலையில் போட்டால் படம் இல்லை. பின்மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே இரண்டு போர்டு இருக்கிறது, ஒன்றில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று நிற்கிறது. அதை மாற்றினால் படம் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என்ன அளவு வாங்க வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சால்டரிங்_கை:
முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக் வெளியே வர வேண்டும். அந்தப் பெரிய கெப்பாசிட்டரின் கால்களில் விரலும் படக்கூடாது, ஸ்க்ரூட்ரைவரும் படக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

அப்புறம் இதைச் சொல்லுங்கள். எத்தனை இஞ்ச்? சத்தம் வருகிறதா? ரிமோட் வேலை செய்கிறதா? ஸ்டாண்ட்பை விளக்கு எரிகிறதா, விட்டுவிட்டுச் சிமிட்டுகிறதா? பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரும் வேண்டும்.

இரவுப்பறவை:
இது டி-கான் போர்டுதான் (மெயின்போர்டிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்கு, அதாவது திரைக் கண்ணாடிக்கு, ஏற்றபடி மாற்றி அனுப்பும் போர்டு), சந்தேகமே வேண்டாம். என் டிவியிலும் இதேதான் நடந்தது. பேனலுக்குப் போகும் பட்டை கேபிள் இரண்டையும் கழற்றி, ரப்பரால் துடைத்து மறுபடி சொருகுங்கள். வந்துவிடும்.

பழைய_டியூப்:
டி-கானுக்குப் போவதற்கு முன்னால் பவர் போர்டைப் பாருங்கள் நண்பரே. தலை உப்பிய கெப்பாசிட்டர் ஏதாவது தெரிகிறதா? பெரியதைச் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நிற்கும் சின்ன உருளைகள். 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் என்று போட்டிருக்கும், அவைதான் முதலில் போகும். மாற்றினால் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் ஒரு படி கூடுதல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் எதிர்ப்பு குறைந்த) வகை. வாங்குவதற்கு முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், மூடியில் இடிக்கும்.

சர்க்யூட்_வாத்தியார்:
சத்தம் வருகிறதா என்றுகூடச் சொல்லாத கேள்விக்கு ஆளுக்கொரு போர்டை மாற்றச் சொல்கிறீர்கள். மெயின் கெப்பாசிட்டர், அதாவது அந்தப் பெரியது, உள் இணைப்பு அறுந்து திறந்துபோனாலோ ஷார்ட் ஆனாலோ டிவி ஒழுங்காக உயிர் பெறாது. டி-கான் போனால் பெரும்பாலும் பேக்லைட் (திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு) எரியும், திரை படமில்லாமல் வெறுமையாக நிற்கும். இது அடிப்படைப் பாடம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் மூடியைக் கழற்றியதே தவறு. வீடியோ பார்த்து யாரும் மெக்கானிக் ஆவதில்லை.

மழைத்துளி:
விவரம் இதோ. 43 இஞ்ச். சத்தம் நன்றாக வருகிறது. ரிமோட்டில் சேனல் மாறுகிறது. ஸ்டாண்ட்பை விளக்கு சிவப்பாக எரிந்து, ஆன் செய்தால் அணைகிறது, எப்போதும் போல. ஸ்டிக்கரில் எழுத்து அழிந்துவிட்டது. உப்பிய கெப்பாசிட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. மல்டிமீட்டர் இருக்கிறது, பேட்டரி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

சால்டரிங்_கை:
இது போதும். மெயின்போர்டும் ஸ்டாண்ட்பை சப்ளையும் உயிரோடு இருக்கின்றன. இப்போது மீட்டரே வேண்டாம், டார்ச் போதும்.

பின்மூடியை மறுபடி மாட்டுங்கள். திறந்த நிலையில் பவர் கொடுக்க வேண்டாம். டிவியை ஆன் செய்து மெனுவைத் திறந்து வையுங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். நேராக அடித்தால் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், ஒன்றும் தெரியாது. மெனு எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேனலும் டி-கானும் நலம், பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் இல்லை. ஆன் செய்த அந்த முதல் நொடியில் திரை மின்னி அணைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இரவுப்பறவை:
டார்ச் எல்லாம் சரி. ஆனால் கேபிளைத் துடைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பழைய_டியூப்:
நஷ்டம் இருக்கிறது. அந்தக் கேபிளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாழ் மெல்லியது. தூக்குவதா, இழுப்பதா என்று தெரியாமல் கை வைத்தால் உடையும். கோணலாகச் சொருகிப் பவர் கொடுத்தால் நன்றாக இருந்த டி-கானும் போகும்.

மழைத்துளி:
தெரிகிறது! மெனு எழுத்து லேசாகத் தெரிகிறது. ஆன் செய்தவுடன் ஒரு நொடி திரை பளிச்சென்று மின்னி அணைகிறது. அப்படியானால் கெப்பாசிட்டர் இல்லையா?

சால்டரிங்_கை:
இல்லை. உங்கள் அறிகுறிகளுக்கு முதல் சந்தேகம் பேக்லைட் எல்இடி பட்டைகள்தான்.

பேனலுக்குப் பின்னால் நீள நீளமான அலுமினியப் பட்டைகளில் எல்இடிகள் தொடராக இணைந்திருக்கும். பழைய சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் அந்தச் சரம் முழுக்க அணைந்துவிடும். எல்இடி ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும், சில வகைக்கு 6 வோல்ட். எல்லாம் சேர்ந்து நூறு வோல்ட்டைத் தாண்டிப் போகலாம். இந்தச் சரங்களுக்கு மின்சாரம் தரும் டிரைவர் ஐசி மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கப் பார்க்கும். சரத்தில் ஒன்று திறந்துவிட்டால் மின்னோட்டம் போகாது, அது வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போய், வரம்பைத் தொட்டதும் தன்னை அணைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த அந்த ஒரு நொடி மின்னல் பெரும்பாலும் அதுதான்: ஒரு சரம் போய், மற்றது எரிந்து, பாதுகாப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது.

உறுதிப்படுத்த, பவர் கொடுத்தபடி லைவ் அளவு எடுக்க வேண்டாம், புதியவருக்கு அது தேவையில்லாத ஆபத்து. பேக்லைட் டெஸ்டர் என்று சின்னப் பெட்டி கிடைக்கும், 0 முதல் 300 வோல்ட் வரை குறைந்த மின்னோட்டத்தில் தரும். டிவி பிளக் வெளியே, மெயின் கெப்பாசிட்டர் காலியான பிறகு, பவர் போர்டிலிருந்து எல்இடிக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, கம்பிப் பக்கத்தில் டெஸ்டரை வையுங்கள். ஒவ்வொரு சரமாக. எரியாத சரம்தான் குற்றவாளி. எல்லாச் சரமும் பளிச்சென்று எரிந்தால் டிரைவர் பக்கம் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் டையோடு நிலை முழுச் சரத்தை எரியவைக்காது, அது காட்டவில்லை என்று பட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். டெஸ்டர் முனையிலும் 300 வோல்ட் வரை இருக்கும், ஆன் செய்த பிறகு உலோக முனையைத் தொடக்கூடாது.

கம்பியில்லாத_கை:
கெப்பாசிட்டரைக் காலி செய்ய இவ்வளவு யோசிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூட்ரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டால் ‘டப்’ என்று முடிந்துவிடும். இத்தனை காலமாக அப்படித்தான் செய்கிறேன்.

சால்டரிங்_கை:
தயவுசெய்து புதியவருக்கு இதைச் சொல்லாதீர்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் இருந்தால் 8 ஜூல். அது ஒரே நொடியின் சிறு துணுக்கில் வெளியேறும்போது பொறி கண்ணுக்கு நேரே தெறிக்கும், போர்டில் செம்புத் தடம் பெயரும், கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் அடிபடும். திடுக்கிட்டுக் கை உதறும்போது பக்கத்தில் இருக்கும் பேனலில் இடித்தால் அதோடு டிவியே முடிந்தது.

2.2 கிலோஓம்ஸ், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்று எடுத்து, இரண்டு பக்கமும் நல்ல இன்சுலேஷன் உள்ள முனை போட்டு, கெப்பாசிட்டர் கால்களில் ஐந்தாறு நொடி பிடித்தால் போதும். ஒரே கையால் வேலை செய்யுங்கள், மற்றொரு கை உடம்பை ஒட்டி இருக்கட்டும். பிறகு மீட்டரை 600 வோல்ட் டிசிக்கு மேற்பட்ட நிலையில் வைத்து அளந்து, கிட்டத்தட்ட பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீட்டரையும் முதலில் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்துச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கம்பியில்லாத_கை:
பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டால் தானாகவே இறங்கிவிடும். தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

சர்க்யூட்_வாத்தியார்:
நல்ல டிவியில் இறங்கும். ஸ்டாண்ட்பை சப்ளை அந்தச் சார்ஜைத் தின்றுவிடும். பிளக் பக்கத்துப் பிரைமரி ஐசியே செத்துப்போன போர்டில் தின்பதற்கு யாரும் இல்லை, 325 வோல்ட்டும் வெகுநேரம் அப்படியே நிற்கும். பிஎஃப்சி (பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும் சுற்று) உள்ள செட் என்றால் 380, 400 வரை. பழுது பார்க்க வருவது பழுதான டிவிதான், நல்ல டிவி அல்ல. இந்த ஒரு விஷயத்தில் சால்டரிங்_கை சொல்வது சரி.

பழைய_டியூப்:
இதற்குத்தான் சீரியல் பல்பு பலகை வேண்டும் என்கிறேன். 100 வாட் குண்டு பல்பை லைனில் தொடராகப் போட்டுவிட்டால் எந்தப் பயமும் இல்லை.

சர்க்யூட்_வாத்தியார்:
பல்பு போர்டைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், அவ்வளவே. உயிர் போக அந்தப் பல்பு வழியாக வரும் மின்னோட்டமே தாராளம். பெரிய செட்டில் பல்பில் வோல்ட் இறங்கி, டிவி ஆன் ஆகி அணைந்து குழப்பும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடுவீர்கள்.

கம்பியில்லாத_கை:
அப்படியானால் லைனோடு நேரடித் தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்?

சர்க்யூட்_வாத்தியார்:
ஹாட் பக்கத்தில் ஆசிலோஸ்கோப் வைப்பவருக்கு அது கட்டாயம். ஆனால் அதன் வெளியீட்டில் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டால் அடி அதேதான், வீட்டில் இருக்கும் கசிவு பிரேக்கரும் அப்போது விழாது. இதைத் தெரியாமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவைத்துத் தைரியம் அடைகிறவர்களைத்தான் எனக்குப் பயம்.

கற்றுக்கொள்கிறேன்:
ஹாட் பக்கம் என்றால் என்ன சார்?

சால்டரிங்_கை:
பவர் போர்டில் தடித்த கோடு ஒன்று வரைந்திருக்கும், சில இடத்தில் போர்டையே பிளந்து இடைவெளி விட்டிருப்பார்கள். பிளக் வரும் பக்கம் ஹாட், மெயின்போர்டுக்கும் எல்இடிக்கும் போகும் பக்கம் கோல்ட். டிரான்ஸ்ஃபார்மரும், ஆப்டோகப்ளரும் (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் சின்ன ஐசி), சின்ன ஒய் கெப்பாசிட்டரும் போன்றவைதான் கோட்டைத் தாண்டும். இரண்டுக்கும் கிரவுண்ட் வேறு. மீட்டரின் கருப்பு முனையை ஹாட் பக்க அளவுக்குப் பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவிலும், கோல்ட் பக்கத்துக்குச் சேஸிஸிலும் (உலோகச் சட்டம்) வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

மழைத்துளி, இருக்கிறீர்களா?

மழைத்துளி:
இருக்கிறேன். டெஸ்டர் கிடைத்தது. இரண்டு சரத்தில் ஒன்று எரியவில்லை. எரியாத எல்இடியை மட்டும் கம்பி வைத்து ஷார்ட் செய்துவிடலாமா? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

இரவுப்பறவை:
தாராளமாகச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

சால்டரிங்_கை:
எரியும், ஆனால் வேண்டாம். அந்த இடம் கருப்பாகத் தெரியும், இரண்டு சரத்துக்கும் வோல்ட் வித்தியாசப்பட்டால் சில டிரைவர்கள் மறுபடி பாதுகாப்புக்குப் போகும். ஒரே சூட்டில் வெந்த மற்ற எல்இடிகளும் அடுத்தடுத்துப் போகும், ஒவ்வொரு தடவையும் பேனலைத் தூக்க வேண்டும். முழு செட் மாற்றுங்கள். பட்டையில் அச்சடித்திருக்கும் நம்பர், எல்இடி எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, மூன்றும் பொருந்த வேண்டும். டிரைவரின் பாதுகாப்புக் காலைத் துண்டிக்கும் வீடியோவும் உங்கள் கண்ணில் படும், அந்தப் பக்கமே போகாதீர்கள். தீப்பிடிக்காமல் இருக்க வைத்த காவல் அது.

இந்த வேலையில் கஷ்டமான பகுதி பேனலைத் தூக்குவதுதான். இரண்டு பேர் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் கீறல் ஓடிவிடும். விளிம்பில் தொங்கும் நீளமான சின்ன போர்டுகளின் திருகை முதலில் கழற்றி, அவற்றையும் பேனலோடு சேர்த்தே தூக்க வேண்டும். அவற்றைக் கண்ணாடியோடு சேர்க்கும் மெல்லிய பிலிம் இணைப்பு கிழிந்தால் திரையில் கோடு விழும், ஒட்டவைக்க வீட்டில் வழியில்லை. உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள்கள் எந்த வரிசையில், எந்த முகம் மேலே என்று ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், விரல் ரேகை பிறகு படத்தில் கறையாகத் தெரியும்.

போட்டு முடித்ததும் மெனுவில் பேக்லைட்டை முழுதாக வைக்காமல் 60, 70க்கு இறக்குங்கள். எல்இடியைக் கொல்வது சூடு.

சர்க்யூட்_வாத்தியார்:
மூடுவதற்கு முன் புதுப் பட்டைகளை டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். புதியது என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை.

கற்றுக்கொள்கிறேன்:
மழைத்துளி, என்ன ஆயிற்று? நானும் அதே வேலையில் இறங்கப் போகிறேன்.

மழைத்துளி:
பட்டை மாற்றியாகிவிட்டது, படம் வருகிறது. நடுப் பட்டையில் ஒரு எல்இடி கருகியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக வட்டம் தெரிகிறது. எல்லாருக்கும் நன்றி.

சால்டரிங்_கை:
நல்லது. அந்த வட்டம், எல்இடி மேல் ஒட்டியிருக்கும் சின்ன லென்ஸ் கழன்று விழுந்ததால் இருக்கலாம். லென்ஸ் உள்ளேயே கிடக்கும், மூன்று கால் இருக்கும், ஒவ்வொரு காலிலும் துளி எபாக்ஸி வைத்துப் பழைய இடத்திலேயே ஒட்டலாம். வட்டம் கூர்மையாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். பரவலாக இருந்தால் தாள் மடிந்திருக்கும்.

கம்பியில்லாத_கை:
என்னிடம் பழைய பிளாஸ்மா ஒன்று இருக்கிறது. சத்தம் உண்டு, படம் இல்லை. இதே டார்ச் சோதனை செய்யலாமா?

சால்டரிங்_கை:
செய்து பயனில்லை. பிளாஸ்மாவில் பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதை ஒளிரவைக்கும் சஸ்டெயின் போர்டில் 200 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நல்ல மின்னோட்டத்தோடு ஓடும். தனி இழை தொடங்கி, மாடல் நம்பரையும் ஸ்டாண்ட்பை விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள்.