எழுபது வயதுக்குமேல் வந்த முடக்குவாதம்: இனி எப்படிப் போகும் என்று கணிக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். என் தாயாருக்கு வயது 71. நான்கு மாதங்களுக்கு முன்பு, ஏறக்குறைய ஒரே வாரத்தில், இரு தோள்களும் மணிக்கட்டுகளும் வீங்கி இறுகிவிட்டன. காலையில் ஒன்றரை மணி நேரம் விரல்களை மடக்க முடிவதில்லை. நனைந்த துணியைப் பிழியப் பார்த்து, முடியாமல் அப்படியே வாளியில் போட்டுவிட்டுத் திரும்பியதைக் கண்டேன். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டழற்சி நோய்) என்று உறுதிசெய்த மருத்துவர், மூன்று வாரங்களாக அதைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைக் கொடுத்து வருகிறார். இரத்தப் பரிசோதனையில் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பதால் கைகள் கோணிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு உறக்கமே இல்லை. அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியுமா?

மறுமொழி 1:
முடியாது, அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். வயதானவர்களில் மூட்டு நோயே இல்லாத சிலருக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் காணப்படுவதுண்டு. உடலின் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை அளவும் வயதோடு சற்று உயரும். ஆன்டி சிசிபி என்ற இன்னோர் எதிர்ப்பொருள் பரிசோதனை ருமட்டாய்டு ஃபேக்டரைவிட நம்பத்தக்கது. இந்த இரண்டு எதிர்ப்பொருள்களும் மிக உயர்ந்து, வீங்கிய மூட்டுகள் பலவாகி, எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பும் தொடக்கத்திலேயே தெரிந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அப்போதும் அது வாய்ப்புதான், தீர்ப்பு அன்று. 60 வயதுக்குப் பிறகு தொடங்கும் முடக்குவாதம் பலருக்கு இப்படித் திடீரெனத் தோளில் ஆரம்பிப்பதால், தொடக்கத்தின் வேகத்தைப் பார்த்து மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

மறுமொழி 2:
என் தந்தைக்கு 68 வயதில் வந்தது. முதல் அறிக்கையைவிட, மருந்துக்கு உடல் எப்படி இணங்குகிறது என்பதே எங்களுக்கு அதிகம் உணர்த்தியது. மெத்தோட்ரெக்சேட் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் மூன்று வாரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதங்களில் தெளிவான முன்னேற்றமும் ஆறு மாதங்களில் இலக்கும் எட்டப்பட வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. 28 மூட்டுகளின் வீக்கம், வலி முதலியவற்றைக் கொண்டு நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் டாஸ் 28 என்ற மதிப்பெண் 2.6க்குக் கீழே வந்தால் நோய் தணிந்திருப்பதாகக் கொள்கிறார்கள். முதியவர்களுக்குப் போக்கைத் தீர்மானிப்பது மூட்டு மட்டுமல்ல: சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க நேரும், ஸ்டீராய்டு நீண்டால் எலும்பு மெலியும், தொற்றும் எளிதில் பிடிக்கும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் கிழமையை அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆன்டி சிசிபி அறிக்கை இன்னும் வரவில்லை. சிறுநீரகப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை வேண்டும் என்று அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். பெட்டியின்மேல் கிழமையை இப்போதே எழுதிவிட்டேன்.