எம்101 கேலக்ஸியில் வந்த புதுப் புள்ளி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

2023 மே 19-ஆம் தேதி ஜப்பானின் கோயிச்சி இதகாகி எம்101-இல் சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் நட்சத்திரம்) கண்டுபிடித்தார் இல்லையா, எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப், அதைப் பற்றித்தான். செய்தி வந்ததும் மவுண்ட்டை (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) அங்கே திருப்பினேன். கைடிங் (நட்சத்திரத்தை விடாமல் பின்தொடர்வது) பிடித்து முதல் சப் (தனி எக்ஸ்போஷர்) திரையில் இறங்கியது. மங்கலானதும் தெரியும்படி ஸ்ட்ரெட்ச் செய்தால், அந்த கேலக்ஸியிலேயே உள்ள ஒளிரும் வாயு மேகமான என்ஜிசி 5461-க்குப் பக்கத்தில், சுருள் கையின் மேல் நீலம் கலந்த வெள்ளைப் புள்ளி, ஊசிமுனை போல. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படத்தை அதன் மேல் பொருத்தி மாற்றி மாற்றிப் பார்த்தேன். இல்லை, இருக்கிறது. இல்லை, இருக்கிறது. ஏறக்குறைய 2.1 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி, சரியாக நான் பார்க்கும் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்கும் வேறு எதையாவது பிராசஸ் செய்ய உட்கார்ந்தால், அந்த இரண்டு படத்தையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன்.

---

நானும் அதைப் பார்த்தேன், ஆனால் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில், கண்ணால். கேலக்ஸி ஏதோ புகை மாதிரிதான் தெரிந்தது. அந்தப் புகையில் நட்சத்திரம் மட்டும் பளிச்சென்று நின்றது. நண்பர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கேமரா பார்த்ததை நாம் பார்த்ததாக எப்படிச் சொல்வது? கிளம்பிய ஒளி நம் கண்ணுக்குள் வந்து விழ வேண்டாமா?

---

இதை என்னால் ஏற்க முடியாது. குதிரைத்தலை நெபுலா என்ற கறுப்புத் தூசு மேகம் முதலில் சிக்கியதே படத்தில்தான். 1888-இல் ஹார்வர்டின் கண்ணாடித் தகட்டில் வில்லியமினா ஃப்ளெமிங் கண்டுபிடித்தார். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நல்ல இருட்டும் பெரிய தொலைநோக்கியும் ஹெச்-பீட்டா ஃபில்டரும் (ஹைட்ரஜனின் ஒரு நிற ஒளியை மட்டும் விடுவது) வேண்டும், அப்போதும் சந்தேகமாகத்தான் தெரியும். ஓரியனின் இடுப்புப் பட்டை நட்சத்திரமான அல்நிடாக்குக்குக் கீழே அந்தக் கறுப்புத் தலை ஒரே சப்பில் எழுந்து வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அப்புறம், முதலில் எழுதியவருக்கு. ஒரே சப்பில் புள்ளி தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஹாட் பிக்சலும் (சென்சாரில் தானாகவே ஒளிரும் பழுதுப் புள்ளி) அப்படித்தான் இருக்கும். சப்புகளுக்கு நடுவே டிதர் போடுங்கள்: மவுண்ட் சில பிக்சல் நகர்ந்தால் நட்சத்திரம் சென்சாரில் இடம் மாறும், ஹாட் பிக்சல் இருந்த இடத்திலேயே நிற்கும். டார்க் பிரேம் (மூடி போட்டு எடுக்கும் படம்) அதே வெப்பநிலையில், அதே எக்ஸ்போஷரில், அதே கெயினில் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) இருக்க வேண்டும், பழைய டார்க்கை வைத்து ஒப்பேற்றாதீர்கள். சிறுகோளாக இருந்தால் அரை மணி, ஒரு மணி நேர இடைவெளியில் நகர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். டியூ ஹீட்டரை லென்ஸில் பனி படிந்த பிறகு அல்ல, ஆரம்பத்திலேயே போடுங்கள். பாதி இரவு வீணான பிறகுதான் பலருக்கும் இது தெரிகிறது.

---

டிதர் போட்டிருந்தேன் ஐயா. எல்லா சப்பிலும் கேலக்ஸியோடு சேர்ந்தே நகர்ந்தது, அடுத்தடுத்த இரவுகளிலும் அதே இடத்தில் இருந்தது. நான் கேட்க வந்தது வேறு. கண்டுபிடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு பலர் எடுத்த படங்களிலேயே அது மங்கலாகப் பதிந்திருந்தது. மே 18 இரவு எம்101 எடுத்தவர்கள் இங்கே யாராவது உண்டா? ஸ்டேக் (எல்லாவற்றையும் சேர்த்த படம்) வேண்டாம், தனித்தனி சப்பும் நேரமும் போடுங்கள், பார்க்க வேண்டும்.