வானம் தோண்டியது யார்?

சார்லட்வாசி:
நேற்று இங்கே ஒருவர், "பெண்கள் கல் சுமப்பார்கள், வீடு கட்டமாட்டார்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்தில். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் கீழ்ப் பெண்களே கட்டிய முதல் வீடு 1991-இல் இந்த ஊரில்தான் எழுந்தது. 1998 முதல் 'விமன் பில்ட்' என்ற பெயரில் அதைத் தனித் திட்டமாகவே நடத்துகிறார்கள். நானும் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் போனேன். மரச்சட்டங்களைத் தரையில் அடுக்கி ஆணியடித்து, எட்டுப் பேர் சேர்ந்து சுவராக நிமிர்த்தினோம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியான, இரண்டு குழந்தைகளின் தாயும் எங்களோடு வேலை செய்தார். அந்த உழைப்பும் அவருடைய பங்காகக் கணக்கில் சேரும். வீடு இலவசம் இல்லை, லாபம் வைக்காத தவணை. நம் ஊரில் இப்படி ஒரு முயற்சி இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

திருச்சி மேஸ்திரி:
அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. 31 வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அம்மா, ஒரே ஒரு கேள்வி. அந்த வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியது யார்? சுவர் நிமிர்த்துவது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். வீட்டின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. 2006-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இதே ஹாபிடட் அமைப்புக்காக மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவுக்கு வந்தபோது ஒரே வாரத்தில் 100 வீடு என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஒரு வாரத்தில் வீடு எழும்ப வேண்டுமென்றால் அஸ்திவாரமான கடைக்கால் முன்கூட்டியே போட்டுத் தயாராக இருந்தாக வேண்டும். கான்கிரீட் இறுகுவதற்கே நாள் வேண்டும். அதைப் போட்ட கூலியாளின் முகத்தை யாராவது பார்த்தீர்களா? ஆகவே மறுபடியும் கேட்கிறேன், வானம் தோண்டியது யார்?

சார்லட்வாசி:
இயந்திரம் தோண்டியது. அடித்தளக் கான்கிரீட்டை ஒப்பந்தக்காரர் போட்டார். மின்சாரமும் குழாயும் உரிமம் பெற்றவர்கள் செய்தார்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மீதி வேலையை நாங்கள் செய்தோம்.

திருச்சி மேஸ்திரி:
அவ்வளவுதான். நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். "பெண்களே கட்டிய வீடு" என்று எழுதாதீர்கள், "பெண்கள் உதவிய வீடு" என்று எழுதுங்கள். விமான டிக்கெட் எடுத்து வந்து ஒரு வாரம் கல் அடுக்கிவிட்டுப் போகிறவர்கள் அந்த டிக்கெட் காசை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்தால், பத்துக் குடும்பம் சாப்பிடும்.

சார்லட்வாசி:
நான் எந்த விமானத்திலும் ஏறவில்லை ஐயா. என் வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார்ப் பயணம். எழுதியதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பாலக்காட்டுக்காரன்:
"நம் ஊரில் இல்லை" என்று அந்த அம்மா எழுதியதற்கு மேஸ்திரி கோபப்பட்டிருந்தால் அர்த்தம் இருந்திருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டம் 1998-இல் தொடங்கியது. அதில் பயிற்சி பெற்ற பெண்கள் தனிக் கட்டுமானக் குழுக்களாகவே இயங்குகிறார்கள். வீடற்றவர்களுக்கான 'லைஃப்' திட்டத்தில் வீடு கட்டித் தந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு அரசு தருவது 4 லட்சம். அந்தத் தொகைக்குள் முடிப்பதற்கு எந்த ஆண் ஒப்பந்தக்காரர் முன்வருவார்?

திருச்சி மேஸ்திரி:
குடும்பஸ்ரீ பெண்கள் கூலி வாங்குகிறார்கள். அது தொழில், அதை நான் மதிக்கிறேன். இங்கே பேச்சு தன்னார்வத் தொண்டைப் பற்றியது. எதையும் எதையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். எலிப்பொறிக் கட்டு என்கிற செங்கல் அடுக்கும் முறை பற்றிப் போன வருடம் நான் கேட்டதற்கே நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாலக்காட்டுக்காரன்:
பதில் சொன்னேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கட்டை இங்கே பரப்பிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த மனிதர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காற்று நிற்க இடம் விட்டுக் கட்டினால் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. ஏழைக்கு வீடு கட்டுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

திருச்சி மேஸ்திரி:
அந்த இடைவெளியில் எறும்பு புற்று வைத்ததை நானே இடித்துப் பார்த்திருக்கிறேன். பிறகு பேசலாம். வானம் தோண்டியது யார் என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாகை மருமகள்:
நான் சொல்கிறேன். நாங்கள் தோண்டினோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் தெருவில் கூரை வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணவனை இழந்த ஒரு பெண், மூன்று பெண் பிள்ளைகளோடு பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு மாதம் கிடந்தார். பட்டா அவர் பெயரில் இல்லை, அதனால் எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை. எங்கள் சுயஉதவிக் குழுவில் பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை செய்து வீட்டை எழுப்பினோம். யாருக்கும் கூலி இல்லை. எங்கள் பக்கம் களிமண் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். நான்கு அடி தோண்டி, ஆற்று மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, அதற்கு மேல்தான் கடைக்கால். இரண்டாம் நாளே ஊற்று வந்துவிட்டது, பாண்டுச் சட்டியில் மொண்டு மொண்டு ஊற்றினோம். வானம் தோண்டியது யார் என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள்.

சார்லட் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் இல்லை என்று எப்படி எழுதினீர்கள்? கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இந்த மண்ணுக்கு வந்து உட்கார்ந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார். பிறகு மண் குடிசைகளை மாற்றிக் கல் வீடு கட்டும் வேலையில் இறங்கினார். அந்த அம்மாவுக்கு 2020-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அவர் பெயரைக் கேள்விப்படாமலே வருத்தப்பட்டிருக்கிறீர்கள்.

சார்லட்வாசி:
அவரைப் பற்றித் தெரியும் அம்மா. அவர் செய்தது நில மீட்பு. நான் சொன்னது வேறு. கேட்டவுடன் எல்லோரும் ஏன் என் மீதே பாய்கிறீர்கள்?

திருச்சி மேஸ்திரி:
நாகை மருமகள் அவர்களுக்கு வணக்கம். களிமண்ணில் மணல் நிரப்பியது சரியான முறை, பாராட்டுகிறேன். ஆனால் தோண்டுவது வேறு, தோண்ட வேண்டிய இடத்தைக் குறிப்பது வேறு. நூல் பிடித்தது யார்? மூலை மட்டம் பார்த்தது யார்? அந்த இடத்தில் ஒரு கொத்தனார் நின்றிருப்பார். நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

நாகை மருமகள்:
நான்தான் பிடித்தேன். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. இதை எனக்கு எந்தக் கொத்தனாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வருடம் சித்தாளாகப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கலவையின் பதம் எனக்குத் தெரியும், கல்லை நனைக்க வேண்டிய நேரம் தெரியும், தூக்குக்குண்டு ஆடி நிற்பதற்குள் சுவர் சாய்வு தெரியும். ஆனால் கலவை பூசும் கரணையை ஒரு நாள்கூட என் கையில் கொடுத்ததில்லை. நேற்று வந்த பையன் ஆறு மாதத்தில் கொத்தனார் ஆகி என்னைப் போல இரண்டு மடங்கு கூலி வாங்குவான், நான் பதினாறாவது வருடமும் சித்தாள். அந்தப் பெண்ணின் வீட்டில்தான் முதன்முதலாகக் கரணை பிடித்தேன். கூலி இல்லாத வேலையில்தான் எனக்குத் தொழில் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு நீங்கள் கேட்கும் கேள்வி, நூல் பிடித்தது யார்?

பாலக்காட்டுக்காரன்:
மேஸ்திரி, உங்களிடம் இத்தனை வருடத்தில் எத்தனை சித்தாள்கள் கொத்தனார் ஆனார்கள்? எண்ணிக்கை போதும்.

திருச்சி மேஸ்திரி:
என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். என் அம்மாவும் சித்தாள்தான், என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூலி. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு கல்லூரிப் பெண்களை வைத்துக் கட்டிய நான்கு வீடுகளில் பூச்சு முழுவதும் உதிர்ந்து, ஜன்னலுக்கு மேலே விரிசல் விட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் உத்திரத்தின் கம்பியைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள். அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும். ஏழை வீடு என்பதற்காக யார் வேண்டுமானாலும் பழகிப் பார்க்கலாமா? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு 1.20 லட்சம் கொடுத்து 25 சதுர மீட்டர் கட்டச் சொன்னார்கள். அந்தக் காசில் ஒரு சுவரை இடித்துத் திரும்பக் கட்ட முடியுமா?

சார்லட்வாசி:
எங்கள் இடத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் உண்டு. அந்த அமைப்பு யாரையும் வைக்கவில்லை என்றால் குற்றம் அவர்களுடையது. கல்லூரிப் பெண்களைச் சொல்வானேன்? ஆண்கள் கட்டி விரிசல் விட்ட வீடே உங்கள் ஊரில் இல்லையா?

திருச்சி மேஸ்திரி:
இருக்கிறது. அதைக் கட்டியவன் பெயரைப் பலகையில் எழுதி, படம் எடுத்துப் போடவில்லை.

பாலக்காட்டுக்காரன்:
எண்ணிக்கை கேட்டேன். பதில் வரவில்லை.

நாகை மருமகள்:
அவர் சொல்லமாட்டார். மேஸ்திரி அண்ணா, நாங்கள் கட்டிய அந்த வீட்டில் இப்போது பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, வாசலில் ஒரு சிமெண்ட் தாழ்வாரம் இறக்கியிருக்கிறார்கள். அதற்கும் நான்தான் நூல் பிடித்தேன். வந்து உங்கள் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நானே அழைத்துப் போகிறேன்.

திருச்சி மேஸ்திரி:
வருகிறேன். மட்டம் மட்டுமில்லை, மூலையில் ஓரடி தோண்டிக் கடைக்காலையும் பார்ப்பேன். சம்மதமா?

நாகை மருமகள்:
மண்வெட்டி எங்களிடமே இருக்கிறது.

பாலக்காட்டுக்காரன்:
எறும்பு வைத்த சுவர் எந்த ஊரில் என்பதையும் அப்படியே சொல்லுங்கள். கட்டியவர் வெளிப்பூச்சு பூசினாரா, இல்லையா?

திருச்சி மேஸ்திரி:
லால்குடி பக்கம். பூசியிருந்தார். மேல் வரிசையை மூடாமல் விட்டிருந்தார்.

பாலக்காட்டுக்காரன்:
அப்படியானால் தவறு கட்டியவருடையது. கட்டும் முறையில் என்ன தவறு?

திருச்சி மேஸ்திரி:
மூடியிருந்தாலும் வந்திருக்கும்.