18-55 லென்ஸுக்கு எந்த ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்க லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) வாங்கலாம்?

விமானம்_பார்த்தவன்:
மார்கழி மாலையில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கிழக்கிலிருந்து எடுக்கிறேன். கேனான் 18-55 எஸ்டிஎம் லென்ஸ், அதன் அகலக் கோணமான 18 மி.மீ., கேமராவை நெட்டுவாக்கில் பிடிக்கிறேன். சூரியன் படத்துக்குள் வருவதில்லை, இடப்புறம் சற்று வெளியேதான் இருக்கிறது. ஆனாலும் கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் நிழல் பகுதிகள் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றன. கடையில் 58 மி.மீ. அளவில் திருகி மாட்டும் இதழ் வடிவ ஹூட் ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?

ஜன்னலோரம்:
ரப்பர் ஹூட் வாங்குங்கள். மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ரயில் ஜன்னல் கண்ணாடியில் அழுத்தி வைத்தால் உள்ளிருக்கும் விளக்கின் பிரதிபலிப்புகூட வராது.

பழைய ஸ்டுடியோக்காரர்:
தம்பி, ரப்பர் ஹூட் ஜன்னல் கண்ணாடிக்கு நல்லது, 18 மி.மீ.யில் முழுக்க விரித்தால் மூலையை மறைக்கும். கடைக்காரர் காட்டியதை வாங்கவே வேண்டாம். திருகு மரை எங்கே முடிகிறதோ அங்கேதான் இதழ்கள் நிற்கும். மேலும் கீழும் இருக்க வேண்டிய நீள இதழ் மூலைக்குப் போனால், மூலை இருண்டுவிடும்.

உங்கள் லென்ஸுக்கு உரியது கேனானின் இடபிள்யூ-63சி ஹூட். தனியாக வாங்க வேண்டும். அதே அச்சில் வேறு நிறுவனங்கள் செய்வதும் போதும். ஆனால் மாட்டும்போது ‘கிளிக்’ என்று விழ வேண்டும், தளரக் கூடாது. உட்புறத்தை டியூப் லைட் பக்கம் திருப்பிப் பாருங்கள். பளபளத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒளியைத் தடுப்பதற்குப் பதில் அதுவே உள்ளே அனுப்பும்.

இன்னொன்று: ஜூம் லென்ஸின் ஹூட் அதன் அகலக் கோணத்துக்காக வெட்டப்பட்டது. கோணம் குறுகும் 55-க்குப் போனால் அது பேருக்குத்தான். 2002-இல் வந்த கேனான் 24-70 எஃப்/2.8 எல் லென்ஸில் இதை அழகாகச் சமாளித்திருந்தார்கள். 24-இல் குழல் வெளியே நீளும், 70-இல் உள்ளே போகும். ஹூட்டோ நகராத வெளிக்குழலில் மாட்டியிருக்கும். ஆக, 70-இல் கண்ணாடி ஆழமான கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கும். கையிலெடுத்தால் எடைதான் தோளைப் பிடிக்கும்!

உங்கள் படத்துக்கு வருவோம். சூரியன் சட்டத்தின் ஓரத்தை ஒட்டி நிற்கும்போது எந்த ஹூட்டும் முழுதாகக் காப்பாற்றாது. கூட வருபவரை இடப்புறம் நிற்கவைத்து, மடித்த செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாளின் நிழல் லென்ஸின் முன்கண்ணாடி முழுவதும் விழ வேண்டும். அதன் ஓரம் படத்துக்குள் வரக் கூடாது. திரையில் கறுப்பு சட்டென்று திரும்பிவருவதைப் பார்ப்பீர்கள். தொல்லியல் துறை அனுமதியில்லாமல் முக்காலி விடாது, அதனால்தான் ஆளைச் சொல்கிறேன்.

விமானம்_பார்த்தவன்:
நன்றி ஐயா. தம்பியை அழைத்துப் போகிறேன். லென்ஸில் எப்போதும் யூவி பில்டர் இருக்கிறது, பரவாயில்லையா?

பழைய ஸ்டுடியோக்காரர்:
முதலில் அதைக் கழற்றுங்கள். எதிர்வெளிச்சத்தில் கூடுதலாக ஒரு தட்டைக் கண்ணாடி எதற்கு? முன்கண்ணாடி மேல் படும் கைக்கும் மோதலுக்கும் ஹூட்டே காவல். ஹூட்டை வாங்கியதும் மாட்டி, 18 மி.மீ., லென்ஸ் துவாரம் எஃப்/16, ஃபோகஸ் தொலைவில் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையும் ஒரே வெளிச்சமாக இருந்தால் சரி. கேமராவிலேயே இருக்கும் பிளாஷைப் போடும்போது மட்டும் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள், படத்தின் அடியில் அரைவட்டமாக நிழல் விழும்.