உயிர்வேலிக்கு நம் மண்ணின் செடிகளில் எதை வைக்கலாம்?

வேலியோரம்:
தோட்டத்தின் மேற்கு ஓரம் 120 அடி நீளம். கம்பிவேலி துருப்பிடித்துப் போய், கல்தூண்கள் மட்டும்தான் நிற்கின்றன. எடுத்துவிட்டு உயிர்வேலி போடலாம் என்று இருக்கிறேன். யாரைக் கேட்டாலும் துரந்தா என்கிற வெளிநாட்டு அழகுச்செடியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்த மண்ணுக்கே உரிய செடிதான் வேண்டும். கொடுக்காப்புளி, காட்டாமணக்கு, திருகுக்கள்ளி மூன்றையும் மனதில் வைத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேயும். பாதி நீளத்துக்கு வேப்பமர நிழல் உண்டு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. இதில் எது சரிப்படும்?

முள்வாங்கி:
மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை. கொடுக்காப்புளியும் காட்டாமணக்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், திருகுக்கள்ளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பாட்டி காலத்திலிருந்து வேலியில் பார்த்துப் பழகியதால் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படி நினைத்தவன்தான். அது போகட்டும், குழந்தை இருக்கிற வீட்டில் பின்னது இரண்டும் வேண்டவே வேண்டாம். காட்டாமணக்கு விதையை வாயில் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். திருகுக்கள்ளிப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

என் கதையைச் சொல்கிறேன். முதலில் களா மட்டும் போதும் என்று இறங்கினேன். நல்ல முள், மணக்கிற வெள்ளைப் பூ, பழத்துக்குக் குருவிகள் வரும், வேறென்ன வேண்டும்? விதையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி, மழை வரட்டும் என்று நாலைந்து மாதம் வைத்திருந்தேன். பாதிகூட முளைக்கவில்லை. களா விதையைப் பழத்திலிருந்து எடுத்த கையோடு போட்டுவிட வேண்டும். முளைத்தவற்றையும் ஆடு விடவில்லை. களாவின் முள் கெட்டிப்படும் வரை கொழுந்து அதற்குத் தீனிதான். இரண்டு வருடம் கழித்தும் என் வேலி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. வெளிப்பக்கம் ஆடு தொடாத செடி ஒரு வரிசை, உள்பக்கம் முள்செடி ஒரு வரிசை. வெளிவரிசைக்கு நொச்சி வைத்தேன். அந்த இலையின் நெடிக்கு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டால் போதும், அதன் மறைவில் களா நிதானமாக வளர்ந்துகொள்ளும். பழைய புறத்திணையில் மதிலைக் காத்து நின்றவர்கள் சூடியது நொச்சிப் பூ. வேலிக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை!

ஆனால் நிழலில் நொச்சி வைக்காதீர்கள். ஒல்லியாக நெட்டையாக ஓடி, அடியில் மொட்டையாகிவிடும். வேப்பமரத்தடிக்கு ஆடாதொடைதான். ஓரளவு நிழலைத் தாங்கும், இதுவும் போத்தில் வரும், ஆடு தொடாது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது.

கரட்டுநிலம்:
கிளுவையை எப்படி மறந்தீர்கள்? கை மொத்தத்துக்குப் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால், நட்ட அன்றே வேலி. களாவுக்காக இரண்டு வருடம் யார் காத்திருப்பது?

முள்வாங்கி:
மறக்கவில்லை ஐயா. உறுதிக்குக் கிளுவையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கோடையில் இலை முழுக்கக் கொட்டிவிடும், மறைப்பு வேண்டுகிறவருக்கு அந்த மாதங்களில் வெறும் குச்சிதான் தெரியும். தழையை ஆடும் தின்னும். தண்ணீர் நிற்கிற இடத்தில் போத்து அழுகிப்போகும். மேட்டு நிலமாக இருந்து மாடு உள்ளே வராமல் இருந்தால் போதும் என்றால், கிளுவைதான், மறுபேச்சில்லை.

மண்வாசம்:
வறண்ட மண் என்றால் விராலியையும் பாருங்கள். முள் இல்லை, ஆனால் வருடம் முழுக்கப் பச்சை. விதையின் தோல் கெட்டி, வெந்நீரில் போட்டெடுத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

வேலியோரம்:
எல்லாருக்கும் நன்றி. வெயில் படுகிற பாதிக்கு வெளியே நொச்சி, உள்ளே களா. நிழல் பாதிக்கு ஆடாதொடை. கல்தூண்களை இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? எப்போது கத்தரிக்க வேண்டும்?

முள்வாங்கி:
ஒன்றரை அடிக்கு ஒன்று. இரண்டு வரிசையும் நேருக்கு நேர் வராமல் மாற்றி மாற்றி நடுங்கள். கத்தரிக்கிற விஷயத்தில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். உயரட்டும் உயரட்டும் என்று விட்டால் அடியில் ஓட்டை விழும், ஆடு குனிந்து உள்ளே வந்துவிடும். செடி வேர்பிடித்து இரண்டடி வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓரடியில் வெட்டிவிடுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே நாலு கிளை வெடிக்கும். அடுத்த அடி வளர்ந்ததும் அதில் பாதியை மறுபடி வெட்டுங்கள். அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருந்தால்தான் கீழ் இலைக்கு வெயில் கிடைக்கும். உள்ளே குருவிக்கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை கத்தரியைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. போத்தின் அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் எது தலை எது கால் என்று தெரியும். நான் அப்படி வெட்டாமல் ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக நட்டுவிட்டு, ஏன் துளிர்க்கவில்லை என்று ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன்.